மண்ணில் அச்சேறிய கப்பல்கள்: பிரித்தானியக் கடல்வெற்றிக் குடுவைகளும் வங்கக் கரையும்

கொல்கத்தா மாநகரின் தென்மேற்குப் பகுதியாகிய பெஹாலா, ஆங்கிலேயரின் இந்திய வரலாற்றோடு தொடக்கத்திலிருந்தே பிணைந்தது. இங்குள்ள பரிஷாவில் வாழ்ந்த சாபர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரிடமிருந்தே சுதானுட்டி, கலிகாத்தா, கோவிந்தபூர் ஆகிய மூன்று ஊர்களின் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1698 நவம்பர் 10ஆம் நாள் 1300 ரூபாய்க்குப் பெற்றது. பெஹாலாவின் நடுவே செல்லும் பெருஞ்சாலை டயமண்ட் ஹார்பர் துறையில் சென்று முடிகிறது. ஊக்ளி ஆற்றின் மணல்திட்டுகளுக்கு அஞ்சிய கம்பெனியின் பெருங்கப்பல்கள் பல, கல்கத்தாவரை ஏறி வாராமல் அத்துறையிலேயே நங்கூரமிட்டன. ஆட்களும் சரக்கும் சிறு படகுகளுக்கு மாறின.

அக்கப்பல்கள் புறப்பட்டு வந்த நாட்டில், மாலுமிகளின் வீடுகளிலும் துறைமுகத்து மதுக்கடைகளிலும் ஒருவகை மண்குடுவை பெருவழக்காக இருந்தது. அகன்ற வயிறும் குறுகிய கழுத்தும் கைப்பிடியும் ஊற்றுமூக்கும் உடைய அக்குடுவையின் ஒரு பக்கத்தில் பாய்விரித்த கப்பலும், மறுபக்கத்தில் கடற்படைத் தலைவரின் உருவமோ மாலுமி தன் காதலியிடம் விடைபெறும் காட்சியோ அச்சிடப்பட்டிருக்கும். மூக்கின் கீழ் ஒரு பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருத்தலும் உண்டு. ஏறத்தாழ 1780 தொடங்கி 1860 வரை பெருந்தொகையாக உருவான இக்குடுவைகள் இன்று பழம்பொருள் சேகரிப்போரால் விரும்பி வாங்கப்படுகின்றன. அருங்காட்சியகங்கள் இவற்றைப் பிரித்தானியரின் நாட்டுப்பற்றுக்குச் சான்றாகக் காட்டுகின்றன. அச்சான்று எத்தகையது, எதற்கு உரியது என்பதே இக்கட்டுரையின் வினா. சுட்டமண்ணில் கப்பல் உருவம் கண்டவிடத்தெல்லாம் கடல்வணிகத்தை நிறுவ முற்படும் நம்மவர் ஆய்வுக்கும் இவ்வினா புறம்பானதன்று.

கலமும் அச்சும்

தமிழில் மெருகிட்ட வெண்கலங்கள் அனைத்தையும் பீங்கான் என ஒரே சொல்லால் குறிப்பது வழக்கம். இங்குப் பேசப்படுபவை சீனத்துப் பீங்கான் அல்ல. அதனினும் குறைந்த வெப்பத்தில் சுடப்பட்டு, ஈயம் கலந்த மெருகு பூசப்பட்ட மட்கலங்கள். இவ்வேறுபாடு சமூக வேறுபாடும் ஆகும். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கம்பெனியின் இலச்சினை பொறித்த பீங்கான் கலங்களைக் காணலாம். அவை ஆட்சியாளர் மேசைக்கு உரியவை. குடுவைகளோ கப்பலின் மேல்தளத்தில் பணிசெய்தோர், சிறு கப்பல்களின் தலைவர்கள், துறைமுகக் கைவினைஞர் ஆகியோர் கைக்கு எட்டிய விலையில் விற்கப்பட்டவை.

இவ்விலை வீழ்ச்சிக்குக் காரணம் இரண்டு. முதலாவது, ஸ்டாஃபோர்ட்ஷயரில் 1760களில் ஜோசையா வெட்ஜ்வுட் செம்மைப்படுத்திய பாலேட்டு நிறக் கலம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரைப் பகுதிகளில் கிடைத்த வெண்களிமண்ணும், சுட்டுப் பொடித்த சிக்கிமுக்கிக் கல்லும் அதன் மூலப்பொருள்கள். அக்களிமண் கப்பலேறி லிவர்பூலுக்கு வந்து, உள்நாட்டு நீர்வழிகளில் சூளைகளைச் சென்றடைந்தது. 1777இல் டிரென்ட்–மெர்சி கால்வாய் நிறைவுற்றதும் இப்போக்குவரத்து எளிதாயிற்று. கப்பலைத் தாங்கிய கலத்தின் மண்ணே கப்பலில் வந்த மண் என்பது சுவையான செய்தி.

இரண்டாவது, லிவர்பூலில் ஜான் சாட்லர், கை கிரீன் என்போர் கையாண்ட அச்சு முறை. 1756 ஜூலை 27ஆம் நாள் தாங்கள் இருவர் மட்டுமே ஆறு மணி நேரத்தில் 1200க்கும் மேற்பட்ட ஓடுகளில் படம் அச்சிட்டதாக அவர்கள் உறுதிமொழி ஆவணம் ஒன்றில் தெரிவித்தனர். கையால் வரைவோர் பலர் நெடுநாள் செய்யும் வேலை அது. பின்னர் வளர்ச்சியுற்ற முறையில், செப்புத் தகட்டில் படம் செதுக்கி, அதில் நிறமியும் எண்ணெயும் கலந்த மையை நிரப்பி, மெல்லிய தாளில் ஒற்றி எடுப்பர். அத்தாளைக் கலத்தின் மீது அழுத்தித் தேய்த்து மையைக் கலத்திற்கு மாற்றிய பின் மீண்டும் சுடுவர். வளைந்த பரப்பிலும் தாள் படியும். ஒரு தகடு நூற்றுக்கணக்கான கலங்களுக்கு உதவும். வெட்ஜ்வுட் 1761 முதல் தம் கலங்களை லிவர்பூலுக்கு அனுப்பி அச்சிட்டு வாங்கினார். அச்சு கருமையாக இருக்க, கொடி, கடல், பாய் ஆகியவற்றிற்குப் பின்னர்க் கையால் வண்ணம் தீட்டுதலும் உண்டு. இவ்வாறு அச்சு ஒருவர் கையிலும் வண்ணம் வேறொருவர் கையிலும் அமைந்தமையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். குடுவையின் நாட்டுப்பற்று நிறம் மாறியது அவ்விடத்தேதான்.

வெற்றிகளின் சந்தை

பிரெஞ்சுப் புரட்சிப் போர்களும் நெப்போலியப் போர்களும் இக்குடுவைகளின் பொற்காலம். 1794இல் ஹௌ பிரபு, 1797 பிப்ரவரியில் ஜெர்விஸ், அதே ஆண்டு அக்டோபரில் கேம்ப்பர்டௌன் போரில் டங்கன், 1798இல் நைல் கழிமுகத்தில் நெல்சன் என ஒவ்வொரு வெற்றிக்கும் குடுவை பிறந்தது. அச்சிட்டவை மட்டுமன்றி, அச்சுக்கூட்டில் வார்த்துப் புடைப்புருவமாக அமைத்து நீலம், பச்சை, மஞ்சள், பழுப்பு நிறங்கள் தீட்டியவையும் இருந்தன. பிராட் குடும்பத்தாரின் பெயரால் வழங்கும் அவ்வகைக் குடுவை ஒன்றின் ஒரு பக்கத்தில் நெல்சனும், மறுபக்கத்தில் நைல் போரில் அவருடைய கப்பலின் தலைவராயிருந்த பெரியும் இடம்பெறுவர். 1805 அக்டோபர் 21இல் ட்ரஃபால்கரில் நெல்சன் வென்று மடிந்தபின் வந்த குடுவைகளுள் சில, போரில் கப்பல் வரிசைகள் நின்ற நிலையை வரைபடமாகவே காட்டுகின்றன. செய்தித்தாள் வாங்க இயலாதவர்க்கும் படிக்கத் தெரியாதவர்க்கும் போர்ச்செய்தி மதுவோடு ஊற்றப்பட்டது எனலாம்.

எனினும் இவற்றைத் தன்னெழுச்சியான நாட்டுப்பற்றின் வெளிப்பாடு எனக் கொள்வதற்குத் தடையாக நிற்கும் சான்று ஒன்று உண்டு. அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பிரித்தானியாவை எதிர்த்து வென்று, 1783இல் பாரிசு உடன்படிக்கையால் விடுதலை பெற்றன. அதன்பின் அதே லிவர்பூல் அச்சர்கள் ஜார்ஜ் வாஷிங்டனைப் போற்றும் குடுவைகளை அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பலாயினர். 1799 டிசம்பரில் வாஷிங்டன் மறைந்ததும், அவர் விண்ணேறும் காட்சி அச்சிட்ட குடுவைகள் வெளிவந்தன. 1796இல் லிவர்பூலில் தொடங்கப்பெற்ற ஹெர்குலேனியம் சூளைக்கு அமெரிக்க வாணிகம் பெரும் வருவாய் ஈட்டித் தந்தது. 1812இல் மீண்டும் போர் மூண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள் அமெரிக்கக் கப்பலாகிய கான்ஸ்டிட்யூஷன், பிரித்தானியப் போர்க்கப்பலாகிய கெரியரை முறியடித்தது. போரையொட்டிய ஆண்டுகளில் இத்தகைய அமெரிக்க வெற்றிகளைக் கொண்டாடும் குடுவைகளையும் ஆங்கிலேயச் சூளைகளே செய்தன. தம் நாட்டுக் கப்பல் எரியும் காட்சியைத் தம் கையாலேயே செதுக்கி விற்ற இச்செயலை இரண்டகம் எனல் பொருந்தாது. அவர்கள் வணிகர்கள், தகடு அவர்தம் முதல்.

இன்னும் நுணுகி நோக்கின், ஒரே கப்பல் தகட்டிலிருந்து எடுத்த அச்சு, ஓரிடத்தில் பிரித்தானியக் கொடியும் வேறோரிடத்தில் அமெரிக்கக் கொடியும் பெற்றிருப்பது புலனாகும். பாய்மரமும் கயிறும் அலையும் மாறவில்லை. கொடியின் வண்ணம் மட்டும் மாறியது. எனவே குடுவையில் உள்ள கப்பல் எந்தக் கப்பலின் படமும் அன்று. அது கப்பல் என்னும் கருத்தின் படம். பட்டினப்பாலை கூறும் புகார்த் துறையின் சுங்கத்தில் மூட்டைகள்மேல் புலிப்பொறி இடப்பட்டது. அப்பொறியைக் கொண்டு புகாரில் புலி திரிந்தது என எவரும் முடிவுகட்டுவதில்லை. சோழர் ஆணை அங்கு நடந்தது என்றே கொள்கிறோம். கப்பல் உருவத்தைக் கண்டால் மட்டும் அந்நிதானம் நம்மைவிட்டு அகன்றுவிடுகிறது.

பெயர் பொறித்த மண்

அச்சுரு பொதுவாயின், குடுவையைத் தனிப்பொருளாக்குவது யாது? மூக்கின் கீழோ கைப்பிடியின் அருகிலோ கையால் எழுதப்பட்ட பெயரே அது. கப்பல் தலைவர் ஒருவர் லிவர்பூலில் தங்கிய நாள்களில் தம் பெயரையும் தம் கப்பலின் பெயரையும் எழுதச்செய்து வாங்கிச் செல்வார். திருமணத்திற்கென மணமக்கள் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டவை உண்டு. உழவர், கொல்லர், தச்சர் ஆகியோர் தத்தம் தொழிற்கருவிகளின் படத்தோடு தம் பெயரையும் எழுதிக்கொண்டனர். இப்பெயர்களைக் கப்பல் பதிவேடுகளோடும் திருக்கோயில் திருமணப் பதிவுகளோடும் ஒப்பிட்டு நோக்கும்போதுதான் குடுவை வரலாற்று ஆவணமாகிறது. அழகிய அச்சு வழிகாட்டாத இடத்தில் சாய்ந்த கையெழுத்து வழிகாட்டுகிறது.

தமிழாய்வாளர்க்கு இது புதியதன்று. கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் கிடைத்த பானையோடுகள் பெற்ற முதன்மைக்குக் காரணம் அவற்றின் வடிவழகு அன்று. ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் அவற்றில் கீறப்பட்டிருப்பதே. எகிப்தின் செங்கடற் கரையில் குசேர் அல்காதிமில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் உள்ளன. அவ்வோடுகளில் கப்பல் உருவம் ஏதும் இல்லை. ஆயினும் தமிழர் கடல்கடந்து அங்குச் சென்றமைக்கு அவற்றினும் வலிய சான்று வேறு வேண்டுவதில்லை. நடுகல்லுக்கும் இஃது ஒக்கும். வில்லும் வாளும் ஏந்திய வீரன் உருவம் கல்லுக்குக் கல் பெரிதும் வேறுபடுவதில்லை. இன்ன ஊரில் இன்ன பூசலில் பட்டான் எனப் பெயரோடு எழுதிய வரியே அவனை மற்றவரிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. லிவர்பூல் குடுவை நடுகல்லைப் போன்று வழிபாட்டுப் பொருள் அன்றாயினும், பொதுவுருவும் தனிப்பெயரும் ஒரே பொருளில் இணையும் அமைப்பு இரண்டிற்கும் ஒன்றே.

சந்தர்லாந்தும் வங்கத்து நோயும்

இங்கிலாந்தின் வடகிழக்கில் வேர் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள சந்தர்லாந்து, நிலக்கரிக் கப்பல்களின் துறை. இங்குச் செய்த குடுவைகளின் தனியடையாளம் இளஞ்சிவப்பு மினுக்கம். பொன்னைக் கரைத்துப் பெற்ற கலவையைப் பூசிச் சுடுவதால் அந்நிறம் உண்டாயிற்று. மதுக்கடை மேசைக்குரிய மலிவான கலத்தில் பொன் கலந்திருந்தது என்பது வியப்பாகத் தோன்றலாம். பூசப்படும் அளவு மிகமிகச் சிறிது. 1796இல் அங்குத் திறக்கப்பட்ட 236 அடி நீள ஒற்றை வளைவு இரும்புப் பாலம் இக்குடுவைகளில் மிகுதியாக இடம்பெற்றது. பாலத்தின் கீழே பாய்மரக் கப்பல் செல்லும். மறுபக்கத்தில் மாலுமிகளின் திசைகாட்டியோ பிரிவுப் பாடலோ இருக்கும்.

இவ்வூர் தந்த வீரர் ஜாக் கிராஃபோர்டு. கேம்ப்பர்டௌன் போரில் டங்கனின் கப்பலிலிருந்து பாய்மர உச்சி முறிந்து கொடி வீழ்ந்தது. கொடி வீழ்தல் சரணடைதலின் அறிகுறி. கிராஃபோர்டு எதிரியின் குண்டுமழைக்கிடையே மரமேறிக் கொடியை ஆணியடித்து நிறுத்தினார். அக்காட்சி சந்தர்லாந்துக் கலங்களில் இடம்பெற்றது. ஊரார் வெள்ளிப் பதக்கம் வழங்கினர். பின்னாளில் வறுமையுற்ற அவர் அப்பதக்கத்தையே கைவிட நேர்ந்தது.

அவருடைய முடிவு பெஹாலா அமைந்த இந்நிலப்பகுதியோடு தொடர்புடையது. கங்கைக் கழிமுகத்தில் நிலைத்திருந்த வாந்திபேதி நோய் 1817இல் ஜெசோர்ப் பகுதியில் பேரளவில் வெடித்து ஆசியாவெங்கும் பரவியது. அடுத்த அலை 1820களின் பிற்பகுதியில் எழுந்து, உருசியா வழியே பால்டிக் துறைகளை அடைந்து, 1831 அக்டோபரில் சந்தர்லாந்தில் இறங்கியது. பிரித்தானியாவில் அந்நோய் முதலில் பரவியது அத்துறையில்தான். நவம்பர் 10ஆம் நாள் கிராஃபோர்டு அந்நோயால் இறந்து, பெயர்ப்பலகையற்ற குழியில் புதைக்கப்பட்டார். குடுவைகளில் பெயர்பெற்றவருக்குக் கல்லறையில் பெயர் பொறிக்க 1888 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1890இல் சிலையும் எழுந்தது. கடல்வழிகளின் பெருமையைப் பாடிய கலங்கள், அவ்வழிகளில் வந்த நோயைப் பாடவில்லை.

குடுவையில் இல்லாதவை

குடுவை காட்டாதவை இன்னும் உள. பெஹாலாவுக்கு வடக்கே அணித்தாக உள்ள கிதிர்பூர், கிட் குடும்பத்தார் நடத்திய கப்பல் கட்டுந்துறையால் புகழ்பெற்றது. கல்கத்தாவில் உருவான 74 பீரங்கிகள் கொண்ட ஹேஸ்டிங்ஸ் என்னும் கப்பலைப் பிரித்தானியக் கடற்படை 1819இல் விலைக்கு வாங்கியது. பம்பாயில் கட்டப்பட்ட கார்ன்வாலிஸ் என்னும் கப்பல் 1813இல் நீரில் இறங்கியது. நெடுங்காலம் கழித்து இவ்விரு தேக்குக் கப்பல்களும் நீராவிப் பொறி பொருத்தப்பெற்று, கிரிமியப் போரின்போது 1855 ஆகஸ்டில் பால்டிக் கடலில் ஸ்வேபோர்க் கோட்டையைத் தாக்கிய படையில் இருந்தன. அப்போரையொட்டிப் பிரித்தானிய, பிரெஞ்சுக் கொடிகளை இணைத்துக் காட்டும் குடுவைகள் சந்தர்லாந்திலிருந்து வெளிவந்தன. இந்தியத் தச்சர் கை அவற்றில் தெரிவதற்கு வழியில்லை. வங்கத் துறைகளில் அமர்த்தப்பட்டுக் கம்பெனிக் கப்பல்களை ஓட்டிய லஸ்கர்களுக்கும் வழக்கமான அச்சுருக்களில் இடம் இல்லை. நீலச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் அணிந்த ஆங்கிலேய மாலுமி ஒருவனே எல்லாக் கப்பலிலிருந்தும் கையசைக்கிறான்.

வங்கம் ஆங்கிலேய மட்கலத்தில் நேரடியாகத் தோன்றும் இடம் வேறு. 1792 டிசம்பர் 22ஆம் நாள், டயமண்ட் ஹார்பருக்குத் தெற்கே ஊக்ளியின் முகத்துவாரத்தில் உள்ள சாகர் தீவில் வேட்டைக்கு இறங்கிய இளைஞர் ஒருவரைப் புலி கவ்விச் சென்றது. அவர் தளபதி ஹெக்டர் முன்ரோவின் மகன். தமிழக வரலாற்றில் முன்ரோ அறியப்பட்டவரே: 1764இல் பக்சாரில் வென்றவர், 1778இல் புதுச்சேரியைக் கைப்பற்றியவர், 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தபோது அண்மையில் காஞ்சிபுரத்தில் இருந்தும் உதவாமல், பெரும்பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கியவர். அவர் மகனுடைய சாவுச்செய்தி, இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள திப்புவின் மரப்புலிக்குத் தூண்டுதலாயிற்று என்பர். அதே செய்தியை 1820களையொட்டி ஸ்டாஃபோர்ட்ஷயர்க் குயவர் சுட்டமண் உருவமாகச் செய்து, முன்ரோவின் சாவு எனத் தலைப்பும் பொறித்து விற்றனர். புலியின் வாயில் தலை சிக்கிய படைவீரன் உருவம் வீட்டு அடுப்பங்கரை மாடத்தை அணிசெய்தது. திப்புவுக்கு வெற்றிக் களிப்பாக இருந்த ஒரே நிகழ்ச்சி, ஆங்கிலேய வீட்டில் அச்சமூட்டும் அலங்காரப் பொருளாக மாறியது. தலைப்பை நீக்கிவிட்டால் இது புலி மனிதனைக் கொல்லும் பொதுவுருவே. சாகர் தீவையும் 1792ஐயும் அவ்வுருவத்தோடு பிணைப்பது அப்பெயர் ஒன்றே.

பெஹாலாவும் அழகன்குளமும்

பெஹாலாவின் சத்யேன் ராய் சாலையில் மேற்கு வங்க அரசின் தொல்லியல் அருங்காட்சியகம் உள்ளது. கொல்கத்தாவிற்கு வடகிழக்கே உள்ள சந்திரகேதுகர் என்னும் தொல்லூரின் சுடுமண் பொருள்கள் அதன் செல்வங்களுள் அடங்கும். 1950களின் இடைப்பகுதியில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் அருங்காட்சியகம் அங்கு அகழாய்வைத் தொடங்கியது. சந்திரகேதுகர்ப் பகுதியில் கிடைத்தனவாக அறியப்படும் முத்திரைகளுள் கப்பல் உருவம் பொறித்தவை உள. அவற்றின் எழுத்தைக் கரோஷ்டியும் பிராமியும் கலந்த எழுத்தாகக் கொண்டு, கப்பல் வகைகளின் பெயரும் வணிகர் பெயரும் அவற்றில் உள்ளனவாக பி. என். முகர்ஜி படித்தார். அவ்வாசிப்பை ஐயுறும் கல்வெட்டறிஞரும் உண்டு. இங்கு வழக்கு முழுவதும் எழுத்தைப் பற்றியதாகவே நடைபெறுகிறது. முத்திரை என்பது அச்சு என்பதும், ஓர் அச்சின் கப்பல் பல களிமண் துண்டுகளில் பதியக்கூடியது என்பதும் போதிய கவனம் பெறவில்லை. ஆந்திரக் கரையில் வழங்கிய சாதவாகனரின் இருபாய்மரக் கப்பற் காசுகளுக்கும் இஃதே பொருந்தும்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் வைகை கடலொடு கலக்குமிடத்தில் உள்ள அழகன்குளத்துப் பானையோட்டின் நிலை வேறு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1986–87 முதல் நடத்திய அகழாய்வுகளில் கிடைத்த அவ்வோட்டில் கப்பல் உருவம் கூரிய கருவியால் கீறப்பட்டுள்ளது. மூன்று பாய்மரங்கள் கொண்ட பெருங்கலம் எனவும், உரோமானியக் கப்பல் வகையைச் சார்ந்தது எனவும் அறிஞர் கருதுவர். அச்சில்லை, தகடில்லை, ஒருவர் கை ஒருமுறை கீறியது. லிவர்பூல் குடுவையின் கப்பலை வரைந்த செதுக்குநர் அக்கப்பலைக் கண்டிருக்க வேண்டுவதில்லை. அழகன்குளத்தவர் கண்டே கீறினார் எனக் கொள்ளுதற்கு இடம் மிகுதி. ஆனால் அக்கப்பலின் நாட்டையோ உரிமையாளரையோ கூறும் எழுத்து அதனுடன் இல்லை. ஆதலின் அது பாய்மர அமைப்புக்குச் சான்றாகும் அளவுக்கு உரிமையாளர் நாட்டுக்குச் சான்றாகாது. உரோமானியர் கப்பல் எனக் கொள்வதிலும் தமிழர் கப்பல் எனக் கொள்வதிலும் இவ்வோட்டினை மட்டும் துணைக்கொள்வோர் கொடியைத் தாமே தீட்டுகின்றனர்.

சந்திரகேதுகர் முத்திரைகளுள் ஒரே அச்சிலிருந்து எடுக்கப்பட்டவை எவை, தனித்தனியே பொறிக்கப்பட்டவை எவை எனப் பாய்மரக் கோடுகளின் அளவைக் கொண்டு பிரித்தறிதல் இயலும்.  அவ்வாறு பிரித்த பின்னரே கீறல் வகையைச் சார்ந்த அழகன்குளத்து ஓட்டினை அவற்றுள் எதனோடு ஒப்பிடுவது என்பது தெளிவாகும்.